படகு எஞ்சினுக்குத் தமிழில் கையேடு எழுதுவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் படகு எஞ்சின் விற்று, திருத்தியும் கொடுக்கிற ஒரு இடத்தில் வேலை செய்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். எஞ்சினோடு வருகிற ஆங்கிலக் கையேடு நூறு பக்கத்துக்கு மேல், வாங்குகிற மீனவர்கள் அதைத் திறப்பதே இல்லை, முதலாளி "எல்லாம் உள்ள மாதிரி தமிழில் ஒன்று செய்" என்று சொல்லிவிட்டார். தம்பி ஒரு பொருளடக்கமும் போட்டு வைத்திருக்கிறார்: முன்னுரை, நிறுவனம் பற்றி, எஞ்சினின் பாகங்கள், தொழில்நுட்ப விபரங்கள், பொருத்துதல், இயக்குதல், பராமரிப்பு, பழுது பார்த்தல். இது சரியா, எந்த மென்பொருளில் செய்வது, எவ்வளவு காலம் எடுக்கும் என்பதுதான் கேள்வி.

தம்பி, அந்தப் பொருளடக்கத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மேசையில் பரப்பினால் எந்த ஒழுங்கு வருமோ அந்த ஒழுங்கில் போட்டிருக்கிறீர்கள். எஞ்சினைச் செய்தவருக்கு அது வசதி. அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த ஒழுங்கில் எதையும் தேடி எடுக்க ஏலாது.

குச்சவெளியிலிருந்து வந்து எஞ்சின் வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டுக்குப் போனதும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பார் என்று நம்பி எழுதவே கூடாது. அவர் அதைத் தேடுவது சில நேரங்களில் மட்டும்தான். பெற்றோலுக்கு எண்ணெய் கலக்கும்போது. விடியப்புறம் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபோது. நடுக்கடலில் சூடாகி நிற்கும்போது. மாரி தொடங்கி, படகைக் கரையில் ஏற்றிவிட்டு, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும்போது. உதிரிப்பாகம் கேட்டுக் கடைக்குப் போன் எடுக்கும்போது. ஒரு தாளை எடுத்து இந்த நேரங்களை முதலில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார், வெளிச்சம் இருக்கிறதா, கை ஈரமா, அவசரமா, கூட ஆள் இருக்கிறதா, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் உங்களுடைய திட்டம். மற்ற எல்லா முடிவுகளும், எவ்வளவு பக்கம், எந்த எழுத்து, படமா வசனமா என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜோன் கரோல் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும், அலுவலகக் கணினியைப் புதிதாகப் பழகுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். கையேட்டைப் படித்து முடித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள் என்றுதான் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. அவர்களோ நேரே வேலையில் இறங்கினார்கள், மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் பக்கத்தைப் புரட்டினார்கள். அதன் பிறகுதான் அறிமுகத்தையும் விளக்கத்தையும் வெட்டி, செய்ய வேண்டிய வேலைக்கும் பிழை விட்டால் மீள்கிற வழிக்கும் இடம் கொடுக்கிற சின்னக் கையேடுகளைச் செய்து பார்த்தார்கள், ஆட்கள் அவற்றில் கெதியாகப் பழகினார்கள். கணினிக்கு முன்னால் கதிரையில் இருக்கிற ஆளே அப்படியென்றால், ஆடுகிற படகில் நிற்கிறவர் எப்படிப் படிப்பார் என்று யோசியுங்கள்.

சரி, அந்த நேரங்களை எங்கே பிடிப்பது? பாதி உங்கள் கடையிலேயே கிடக்கிறது. போன வருடத்து வேலைச் சீட்டுகளை எடுத்து, எஞ்சின் என்ன குறையோடு வந்தது என்பதை மட்டும் பாருங்கள். திருத்துகிற இடத்தில் போன் எடுப்பவர் யாரோ அவர் பக்கத்தில் ஒரு கொப்பியை வையுங்கள். யார் எடுத்தது, என்ன கேட்டது, அவர்கள் சொன்ன சொல்லிலேயே என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். "மெசின் இழுக்குது இல்லை" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுத வேண்டும், அதை "வலு இழப்பு" என்று மாற்றி எழுதினால் உங்களுடைய தலைப்புகள் பிறகு அவருடைய வாயில் வராத தலைப்புகளாகப் போய்விடும்.

மிச்சப் பாதிக்குக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். சல்லிக்குப் போங்கள், கிண்ணியாவுக்குப் போங்கள், கொட் பே துறைமுகத்தில் படகு திரும்பி வருகிற நேரத்துக்கு நில்லுங்கள். "கையேட்டில் என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மரியாதைக்கு "எல்லாம் நல்லா விளக்கமா இருந்தா சரி தம்பி" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக எஞ்சின் நின்றது எப்போது, அப்போது முதலில் எதைத் தொட்டீர்கள், பிறகு எதை, யாருக்குப் போன் எடுத்தீர்கள் என்று நடந்ததைக் கேளுங்கள். எண்ணெய் கலக்கும்போது எதால் அளக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். சொல்லிக் கேட்பதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்போதும் கூடுதலாக இருக்கும்.

யார் வாசகர் என்பதிலும் ஒரு விஷயம். கிழக்குக் கரையில் சோளகக் காலத்தில் கடல் அமைதி என்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வாடி போட்டுத் தொழில் செய்ய வருகிறவர்கள் உண்டு, உங்கள் கடைக்கும் அவர்கள் வருவார்கள். சிங்களத்திலும் இது தேவைப்படும். இப்போதே செய்யத் தேவையில்லை, ஆனால் இப்போதே திட்டமிட வேண்டும்: படங்களுக்குள் எழுத்து வைக்காமல் எண் மட்டும் வையுங்கள், படி 3 என்றால் இரண்டு மொழியிலும் அது படி 3ஆகவே இருக்கட்டும். அப்படிச் செய்தால் ஒருவர் போனில் "மூன்றாம் படம்" என்று சொன்னால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு எந்த மொழித் தாள் கையில் இருந்தாலும் விளங்கும்.

இனி ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக் கிட்டத்தில் பார்ப்போம். எண்ணெய் கலப்பது.

பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் கையேட்டில் 50:1 என்று இருக்கும், அதாவது ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். உங்கள் வரைவிலும் அநேகமாக அப்படியே போட்டிருப்பீர்கள். சரியான தகவல்தான். ஆனால் கடற்கரையில் ஒருவரும் விகிதத்தை அளப்பதில்லை. அங்கே இருப்பது கேன், போத்தல், கை அளவு. ஆகவே கணக்கை நீங்கள் செய்து கொடுங்கள்: 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், 20 லீற்றருக்கு 400, 25 லீற்றருக்கு 500. புது எஞ்சினுக்கு முதல் சில மணித்தியாலங்களுக்கு 25:1 கலக்கச் சொல்கிற மாடல்கள் இருக்கின்றன, அதற்கு இரட்டிப்பு அளவு, 20 லீற்றருக்கு 800. அதைத் தனியாக, வேறு நிறத்தில், "புது எஞ்சின் மட்டும்" என்று போடுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனிப் பைக்கற்றைப் பாருங்கள்: முழுப் பைக்கற்றையும் ஒரு லீற்றர் தண்ணீரில் கரை, அவ்வளவுதான். உப்பு எத்தனை கிராம், குளுக்கோஸ் எத்தனை கிராம் என்று அம்மா கணக்குப் பார்க்கத் தேவையில்லை, கணக்கு முழுவதும் பைக்கற்றின் அளவுக்குள் முடிந்துவிட்டது. உங்கள் எண்ணெய்த் தாளும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதிலே இன்னொரு படி யோசிக்க வேண்டியிருக்கிறது. 25 லீற்றர் கேனுக்கு 500 மில்லி என்றவுடன் "ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் நிறைய" என்று எழுதத் தோன்றும். அளவுக்கு அது சரியாக வரும், ஆட்களுக்கும் உடனே பிடிபடும். ஆனால் அப்படி எழுதினால் எண்ணெய் தண்ணீர்ப் போத்தலிலேயே வீட்டு மூலையில் நிற்கும், சின்னப் பிள்ளை அதை எடுத்துக் குடிக்கும். மண்ணெண்ணெயைப் போத்தலில் வைத்துப் பிள்ளை குடித்த கதை நம் ஊர்களில் எல்லோரும் கேட்டது. ஆகவே அளவுக் குவளை ஒன்றை எஞ்சினோடு சேர்த்தே கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள், 200, 400, 500 என்ற இடங்களில் அழியாத கோடு போட்டு. நூறு பக்கம் அச்சடிப்பதைவிட மலிவாக முடியும். எழுத்தில் தீர்க்க முடியாத ஒன்றைச் சாமானை மாற்றித் தீர்ப்பதும் ஆவணம் திட்டமிடுகிறவரின் வேலைதான்.

மண்ணெண்ணெயில் ஓடுகிற மாடல் என்றால் இன்னொரு தாள் வேண்டும். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் ஆட்கள் விடுவார்கள், அடுத்த நாள் விடிய ஸ்டார்ட் ஆகாது. ஆகவே அந்தத் தாளுக்கு "மண்ணெண்ணெய் இயக்க முறை" என்று தலைப்பு வைப்பதைவிட "எஞ்சினை நிறுத்துவதற்கு முன்" என்று வைத்தால் தேவையான இடத்தில் கண்ணில் படும்.

இனி, கடலில் எஞ்சின் சூடாகிற விஷயம். எஞ்சின் ஓடும்போது பின்பக்கச் சின்னத் துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும், அது வராவிட்டால் குளிர்த்தண்ணீர் ஓடவில்லை, தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். ஆங்கிலக் கையேட்டில் இது குளிரூட்டும் தொகுதி என்ற அத்தியாயத்தில் எங்கேயோ இருக்கும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

துவாரத்தால் தண்ணீர் வரவில்லை
எச்சரிக்கை: எஞ்சினை நிறுத்தாமல் புரொப்பெல்லர்ப் பக்கம் கை வைக்க வேண்டாம்.
1. எஞ்சினை நிறுத்துங்கள்.
2. எஞ்சினை மேலே தூக்குங்கள்.
3. தண்ணீர் உள்ளே போகிற சல்லடையைப் பாருங்கள் (படம் 1). பாசி, பொலித்தீன் இருந்தால் எடுத்துவிடுங்கள்.
4. தண்ணீர் வெளியே வருகிற துவாரத்தை மெல்லிய கம்பியால் குத்துங்கள் (படம் 2).
5. எஞ்சினை இறக்கி ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் பீச்சினால் தொடர்ந்து போகலாம்.
6. தண்ணீர் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். இம்பெல்லர் (தண்ணீரை மேலே தள்ளுகிற சின்னச் சக்கரம்) பழுதாக இருக்கலாம், கடலில் சரிசெய்ய முடியாது. இனி ஓட்ட வேண்டாம். வேறு படகைக் கூப்பிடுங்கள்.

தலைப்பைப் பாருங்கள், அவர் கண்ணால் காண்பதுதான் தலைப்பு. காரணம் அவருக்குத் தெரியாது, காரணத்தைத் தலைப்பாக வைத்தால் அவர் அந்தப் பக்கத்துக்கு வரவே மாட்டார். எச்சரிக்கை முதலாம் படிக்கு முன்னால் நிற்கிறது, ஆறாம் படிக்குக் கீழே குறிப்பாக வந்தால் அதற்குள் கை உள்ளே போயிருக்கும். எல்லாவற்றிலும் எனக்கு முக்கியம் ஆறாம் படி. எந்த இடத்தில் முயற்சியை நிறுத்த வேண்டும் என்பதை அநேகமான கையேடுகள் சொல்வதே இல்லை, ஆள் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்து, ஒரு சின்னப் பொலித்தீன் பிரச்சினையை முழு எஞ்சின் வேலையாக்கிவிடுவார். "இதற்கு மேல் நீங்கள் செய்ய வேண்டாம்" என்ற வரி ஒவ்வொரு பழுதுத் தாளிலும் இருக்க வேண்டும்.

எச்சரிக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கத் தர விதியான ஏஎன்எஸ்ஐ இஸட்535 எச்சரிக்கைச் சொற்களைப் படியாகப் பிரிக்கிறது: உயிர் போவது நிச்சயம் என்ற அளவுக்கு ஒன்று, உயிர் போகலாம் என்பதற்கு இன்னொன்று, சிறு காயம் படலாம் என்பதற்கு வேறொன்று, சாமான் மட்டும் பழுதாகும் என்பதற்குத் தனியாக ஒன்று. நீங்களும் அபாயம், எச்சரிக்கை, கவனம், குறிப்பு என்று நாலு சொல்லைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே பாவியுங்கள். எல்லாவற்றுக்கும் "எச்சரிக்கை" போட்டால் இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு ஒருவரும் அதைப் பார்க்க மாட்டார்கள். எஞ்சின் ஓடும்போது பெற்றோல் ஊற்றுவதும், ஆள் கடலில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிற்றைக் கையில் மாட்டாமல் போவதும் உயிர் போகிற விஷயங்கள், அவற்றை மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

வசனம் எழுதுவதில் தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல் இருக்கிறது, அதில் கொஞ்சம் நிற்கிறேன். ஒன்று வினையெச்சத்தை அடுக்குவது. "மூடியைக் கழற்றி, பிளக்கை எடுத்து, துடைத்து, இடைவெளியைப் பார்த்து, திரும்ப மாட்டி இறுக்கவும்." படிக்க ஓட்டமாக இருக்கும், ஆனால் அதற்குள் ஆறு வேலை ஒளிந்திருக்கிறது. மூன்றாவது வேலையைச் செய்துவிட்டு நிமிர்கிறவருக்குத் திரும்ப எந்த இடத்திலிருந்து படிப்பது என்று தெரியாது. உடைத்து ஆறு வரியாகப் போடுங்கள். விமானப் பராமரிப்புக்கென்று ஐரோப்பாவில் 1986இல் வந்த எளிய ஆங்கில விதிமுறை, இப்போது ஏஎஸ்டி எஸ்டிஈ100 என்று பெயர், செய்முறை வசனம் ஒன்றுக்கு 20 சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு மூன்று ஆங்கிலச் சொல் அடங்கிவிடுவதால் நமக்குப் பத்துச் சொல்லே நல்ல எல்லை.

மற்றது அந்த அலுவலகத் தமிழ். "இயந்திரமானது நிறுத்தப்படல் வேண்டும்." யார் நிறுத்துவது? படகு ஓட்டுகிறவரா, மெக்கானிக்கா? ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிற வசனத்தில் பொறுப்பு ஒருவர் தலையிலும் விழாது. "எஞ்சினை நிறுத்துங்கள்" என்று எழுதினால் மரியாதைக்கும் குறைவில்லை, படிக்கிறவருக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கும்.

பாகங்களின் பெயர் விஷயத்தில் உதிரிப்பாகக் கடையில் ஆட்கள் எந்தப் பெயரில் கேட்கிறார்களோ அதையே எடுங்கள், பக்கத்தில் பாக இலக்கத்தைப் போடுங்கள். முதல் பக்கத்தில் ஒரு பெயர், ஏழாம் பக்கத்தில் இன்னொரு பெயர் என்று போகக்கூடாது, ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும்.

இடம் வலம் மட்டும் மிகக் கவனம். ஓட்டும்போது அவர் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கிறார், திருத்தும்போது திரும்பி எஞ்சினைப் பார்க்கிறார், இடம் வலம் மாறிவிடும். "இடப்பக்கத் திருகாணி" என்று எழுதினால் பாதிப்பேர் மற்றப் பக்கத்தைக் கழற்றுவார்கள். படத்தில் எண் போட்டு அந்த எண்ணைச் சொல்லுங்கள். படத்தையும் படகுக்குள் நிற்கிறவர் பார்க்கிற கோணத்திலிருந்து எடுங்கள். கம்பனிப் படங்கள் அநேகமாகப் பின்னாலிருந்து எடுத்தவை, அந்த இடத்தில் நிற்பதற்கு அவருக்குக் கடல்தான் இருக்கிறது. கடையில் ஒரு எஞ்சினைப் பழைய பைபர் படகில் மாட்டி, நல்ல பகல் வெளிச்சத்தில், போனிலேயே எடுத்தால் போதும்.

எதில் அச்சடிப்பது என்பதும் அந்த முதல் தாளிலிருந்துதான் வரும். எண்ணெய் அளவு, துவாரத்தால் தண்ணீர் வராதது, ஸ்டார்ட் ஆகாதது, இந்த மூன்றும் கடலுக்குப் போகிறவை, ஆகவே அரைத் தாள் அளவில் லாமினேற் செய்து ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கொடுங்கள். எண்ணெய் அளவை எஞ்சின் மூடியின் உட்பக்கத்திலும் ஒட்டலாம். வெள்ளையில் கறுப்பு எழுத்து, டோர்ச் வெளிச்சத்திலும் வெயிலிலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகளை நெருக்கிப் போட்டால் ஒன்றோடொன்று முட்டும், வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். சேவிஸ் கால அட்டவணையும் உத்தரவாத விபரமும் வீட்டில் இருக்கிறவை, அவை சாதாரண தாளில் போதும். மெக்கானிக்குக்கான அளவுகள், பிளக் இடைவெளி, இறுக்கும் விசை, இவை மூன்றாவது ஆவணம், மீனவரின் கையில் அதைத் திணிக்க வேண்டாம்.

மென்பொருள் கேட்டிருந்தீர்கள். வேர்ட், லிப்ரே ஆபிஸ், கூகிள் டொக்ஸ், எதுவானாலும் சரி. எழுத்துரு மட்டும் யுனிகோடாக இருக்க வேண்டும். நம் ஊர் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் வேலை நடக்கிறது, அவர்கள் கேட்டால் மாற்றிக் கொடுங்கள், ஆனால் மூலப் பிரதியைப் பாமினியில் வைத்திராதீர்கள். அதிலிருந்து ஒரு பந்தியை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதிர்ப்பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும், போனில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. வாடிக்கையாளர் கடலிலிருந்து போன் எடுத்தால் நீங்கள் அந்தத் தாளை அப்படியே அனுப்பக் கூடியதாக இருக்க வேண்டும்.

உண்மைத்தன்மை பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணும் அந்த மாடலுக்குரிய கம்பனிக் கையேட்டிலிருந்து வர வேண்டும், "எல்லா எஞ்சினுக்கும் இப்படித்தான்" என்ற கதை வேண்டாம், மாடலுக்கு மாடல் எண்ணெய் விகிதமே மாறும். எண்களை உங்கள் கடையின் மூத்த மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும். கம்பனிக் கையேட்டை எடுத்துவிட்டு உங்களுடையதை மட்டும் கொடுக்காதீர்கள், இரண்டும் போக வேண்டும், உத்தரவாதம் அதில்தான் இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் வரிக்கு வரி தமிழாக்கி அச்சடிப்பதென்றால் கம்பனியின் அனுமதியும் வேண்டும். வேலைத் தாள்களாக நீங்களே எழுதுவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

எழுதி முடித்தவுடன் அச்சடிக்க ஓடாதீர்கள். எஞ்சினைத் திருத்திப் பழக்கமில்லாத நாலைந்து பேரைப் பிடித்து, தாளைக் கையில் கொடுத்து, செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். வாய் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. எந்த இடத்தில் கை நிற்கிறது, எந்தப் படியைத் தாண்டிப் போகிறார், எந்தப் படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். "விளங்குதா?" என்று கேட்டால் "ஓம் தம்பி, விளங்குது" என்றுதான் சொல்வார்கள், உங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காகவாவது சொல்வார்கள். எண்ணெய்த் தாளைச் சோதிப்பதென்றால் வெறும் தண்ணீரையும் குவளையையும் கொடுத்து 20 லீற்றருக்கு அளக்கச் சொல்லுங்கள், 400இல் கை நின்றதா இல்லையா என்பதுதான் பதில். வாசிக்கச் சிரமப்படுகிற ஒருவரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் பார்த்து அவரால் செய்ய முடிந்தால் மற்றவர்களைப் பற்றிக் கவலை இல்லை.

ஒவ்வொரு தாளின் கீழும் மாடல், தாள் எண், எழுதிய திகதி மூன்றும் இருக்கட்டும். நாளைக்குக் கம்பனி ஒரு அளவை மாற்றினால் எந்தத் தாளை மீளப் பெற வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். யார் மாற்றலாம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு பிரதியில் ஆளுக்கொரு திருத்தம் போய், ஒரே கடையிலிருந்து இரண்டு விதமான அளவு வெளியே போகும்.

முதலாளி "எல்லாம்" வேண்டும் என்று சொன்னாரே, அதற்கு அவரோடு வாதாட வேண்டாம். அந்தப் போன் கொப்பியை ஒரு மாதம் எழுதிவிட்டு அவருக்கு முன்னால் வையுங்கள். அநேகமாக ஒரு சில கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும், உத்தரவாதத்துக்குள் இலவசமாகத் திருத்திக் கொடுத்த வேலைகளில் எத்தனை எண்ணெய் அளவாலும் தண்ணீர் ஓடாததாலும் வந்தவை என்று வேலைச் சீட்டிலிருந்து எண்ணிக் காட்டினால் அவருக்குக் காசுக் கணக்கு உடனே பிடிபடும். நிறுவனம் பற்றிய பக்கம் கட்டாயம் வேண்டும் என்றால் கடைசி அட்டையில் போன் இலக்கத்தோடு போடுங்கள். அந்த இடத்தில் அது பிரயோசனம்தான்.

எவ்வளவு காலம் என்பதற்கு என் பதில், நேரத்தில் பெரும்பகுதியைக் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் வையுங்கள், எழுதுவது அதற்குள் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் ஒன்றாக முடித்து வெளியிட வேண்டும் என்றும் இல்லை. எண்ணெய்த் தாளையும் தண்ணீர்த் தாளையும் முதலில் முடித்துக் கொடுத்துவிடுங்கள், அவை உயிரோடும் எஞ்சினோடும் சம்பந்தப்பட்டவை. அடுத்தது மாரிக்குரியது. ஆங்கிலக் கையேட்டில் நீண்டகாலம் பாவிக்காமல் வைப்பது பற்றி ஒரு அத்தியாயம் இருக்கும், பனி கொட்டுகிற நாட்டை மனதில் வைத்து எழுதியது, படிக்கிறவர் நமக்கில்லை என்று தாண்டிவிடுவார். ஆனால் வாடை கிளம்பிக் கடல் குழம்பினால் நம் சின்னப் படகுகள் நவம்பர், டிசம்பரில் நாள்கணக்காகக் கரையில்தான், எஞ்சின் உப்போடு மூலையில் நிற்கும். அந்தத் தாளுக்கு "படகைக் கரையில் ஏற்றும்போது" என்று பெயர் வையுங்கள்: நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவது, கார்புரேட்டரில் நிற்கிற பெற்றோலை வடிப்பது, பிளக்கைக் கழற்றித் துவாரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கயிற்றை மெல்ல இழுப்பது, கியர் எண்ணெயைப் பார்ப்பது, அது பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று கடைக்குக் கொண்டுவருவது, படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைப்பது. இதை ஒக்டோபர் முடிவதற்குள் ஆட்களின் கையில் சேர்க்க வேண்டும், ஜனவரியில் கொடுத்தால் பிரயோசனம் இல்லை. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்கான தாள் அதற்குப் பிறகு, திரும்பக் கடலில் இறங்கத் தொடங்குகிற நேரத்துக்கு.